புட்டி மேல் வெறும் எண் போதாது

இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸின் மரபணு வரிசையைப் படிக்கும் ஆய்வகத்தாருக்கு, இறால் குளம் வைத்திருப்பவனின் வணக்கம்.

போன வளர்ப்பில் ஓர் ஆய்வகத்துக்கு மாதிரி கொடுத்தேன். அன்று காலை தீவனத் தட்டைத் தூக்கினால் போட்ட தீவனம் போட்டபடி கிடந்தது. கரையோரம் இறால்கள் சோர்ந்து ஒதுங்கியிருந்தன. ஒன்றின் தலை ஓட்டைக் கழற்றி, உட்பக்கச் சதையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சுண்ணாம்பு தெளித்த மாதிரி புள்ளிகள். வந்தவர் நாலு இறாலை எத்தனால் புட்டியில் போட்டு, மேலே '7' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். குஞ்சு எங்கே வாங்கியது, விட்டு எத்தனை நாள், வாய்க்கால் நண்டு உள்ளே வந்ததா, எதையும் கேட்கவில்லை. பிறகு 'பாசிட்டிவ்' என்று ஒரு வரி வந்தது. அதைத்தான் ஓடே சொல்லிவிட்டதே!

எனக்குத் தெரிய வேண்டியது, நோய் எந்த வழியாக வந்தது என்பது. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை, உண்டு, இல்லை என்பதோடு நின்றுவிடும். வழியைத் தேட வரிசை வேண்டும். 2001-ல் வெளியான இரண்டு வரிசைகளையே பாருங்கள்: தாய்லாந்து மாதிரியில் 2,92,967 மரபணு எழுத்துகள், சீன மாதிரியில் 3,05,107. ஒரே வைரஸ்தான், வித்தியாசம் 12 ஆயிரத்துக்கு மேல். ஓஆர்எஃப் 94 என்ற பகுதியில் 54 எழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும்; எத்தனை தடவை என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். குளத்து வைரஸிலும் பொரிப்பகத்து வைரஸிலும் அந்த எண்ணிக்கை ஒத்துப்போனதை மட்டும் வைத்துப் பொரிப்பகத்துக்காரர் மேல் பழி போடச் சொல்லவில்லை. தற்செயலாகவும் ஒத்துப்போகலாம். அதனால்தான் முழு வரிசையைக் கேட்கிறேன்.

ஆனால் குளத்தின் கதை கூடவே இல்லாவிட்டால், மூன்று லட்சம் எழுத்தை எதோடு ஒப்பிடுவீர்கள்? மாதிரி எடுக்கும்போதே நாள், குஞ்சு வந்த இடம், செத்த வேகம் எல்லாம் எழுதுங்கள். வாய்க்கால் நண்டிலும் இரண்டைப் பிடித்துப் போங்கள், அதுவும் இந்த வைரஸைச் சுமக்கும். முடிவை அடுத்த குஞ்சு விடுவதற்குள் சொல்லுங்கள். வரிசையைப் பொதுவில் போடுங்கள், பண்ணைப் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். பெயர் வெளியே வரும் என்றால் எவன் மாதிரி கொடுப்பான்?

இந்த முறை குஞ்சு இறக்கிய அன்றே ஒரு பிடி எடுத்து எத்தனாலில் போட்டு வைத்திருக்கிறேன். தேதியும் பொரிப்பகத்தின் பெயரும் புட்டி மேல் இருக்கின்றன. குளத்தில் ஏதாவது ஆனால் கூப்பிடுகிறேன், இரண்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.