சூடோமாலியையின் பூட்டைத் திறவுங்கள்: மால்டி-டாஃப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கருவித் தயாரிப்பாளர்களே, தரவுத்தளப் பொறுப்பாளர்களே,

வணக்கம். ஒரு நீரிழிவு நோயாளியின் ரத்தக் கல்ச்சரில் வளர்ந்த ஒரு காலனிக்கு, கிருமியைப் புரதங்களின் எடையால் இனம்காணும் உங்கள் மால்டி-டாஃப் கருவி மறுபடியும் 'பர்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ்' என்று பெயர் சூட்டியிருக்கிறது. பொருத்த ஸ்கோர் 2.0-க்கு மேல், கட்டம் பச்சை, அதாவது நம்பலாம் என்கிறது. தாய்லாண்டென்சிஸ் மண்ணில் வாழும் கிருமி. மனிதருக்கு அதனால் நோய் வருவது மிக அபூர்வம். நீரிழிவு நோயாளியின் ரத்தத்தில் அதற்கு என்ன வேலை? அங்கே வளர்ந்தது மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றைத் தரும் அதன் உறவுக்கிருமி, பர்கோல்டேரியா சூடோமாலியை. அது ஏன் தன் பெயரில் வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். உயிரி ஆயுத அச்சத்தால் அதன் ஸ்பெக்ட்ரம் (கருவி ஒப்பிட்டுப் பார்க்கும் புரதச் சிகர வடிவம்) 'பாதுகாப்பு' தரவுத்தளத்தில் தனியாகப் பூட்டப்பட்டது. பல ஆய்வகங்களில் ஓடும் வழக்கமான தரவுத்தளத்தில் இன்றும் இல்லை.

2,000 முதல் 20,000 டால்டன் எடை வரை எழும் புரதச் சிகரங்களைத் தன்னிடம் உள்ள ஸ்பெக்ட்ரங்களோடு மட்டும்தான் கருவி ஒப்பிடும். தேடும் ஆள் பட்டியலில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கைகாட்டிவிடும், அதுவும் முழு நம்பிக்கையோடு.

அந்தப் பச்சைக் கட்டத்தை நம்பி, வெளியிலிருந்து கலந்த மாசு என்று ஒதுக்கினால் வார்டில் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டே இருக்கும். அது இந்த நோய்க்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள், அதன்பின் கோட்ரைமாக்சசோல் 3 மாதமாவது வேண்டும். நம்பாதவருக்கும் உடனே விடை கிடைக்காது. ஆக்சிடேஸ் சோதனை பாசிட்டிவ், ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாது, ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கும் என்று பார்க்க ஆன்டிபயாடிக் டிஸ்க் வைத்து இன்னொரு இரவு காத்திருக்க வேண்டும். சூடோமாலியையை நேரடியாகக் காட்டும் லேடெக்ஸ் கிட் கையிருப்பில் இருந்தால் நிமிடங்களில் முடியும். எத்தனை ஆய்வகங்களில் இருக்கிறது?

காலனியைக் குச்சியில் தொட்டு, ஸ்டீல் பிளேட்டில் மெல்லியதாகத் தடவி, 1 மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் கரைசல் விடுவது திறந்த மேசையில் நடக்கும் வேலை. சந்தேகம் முன்பே இருந்தால், கிருமி எங்களுக்குத் தொற்றாதபடி, பாதுகாப்பு கேபினெட்டுக்குள் எத்தனால், ஃபார்மிக் அமிலத்தில் கொன்று, 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடித்த பிறகே பிளேட்டைத் தொடுவோம். தவறான பெயர் வந்த நாளில் அந்த எச்சரிக்கை யாருக்கும் தோன்றாது.

புருசெல்லோசிஸ் நோயைத் தரும் புருசெல்லா கிருமியின் கதையும் இதேதான். அது தரவுத்தளத்தில் இல்லாதபோது அதன் உறவுக்கிருமியான ஓக்ரோபாக்ட்ரம் என்று வரும். வகைப்பாட்டாளர்கள் 2020-இல் ஓக்ரோபாக்ட்ரத்தையே புருசெல்லாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். பெயர் மாற்றம் அடுத்த அப்டேட்டில் தவறாமல் வந்துவிடும், ஸ்பெக்ட்ரம்தான் வராது. சிகரப் பட்டியலை வைத்துக்கொண்டு யாராலும் கிருமி வளர்க்க முடியாது. இந்தப் பூட்டு யாரிடமிருந்து யாரைக் காக்கிறது?

'நீங்களே ஸ்பெக்ட்ரம் சேர்த்துக்கொள்ளலாமே' என்பீர்கள். சேர்க்கலாம். அதற்கு உறுதிசெய்யப்பட்ட பல ஸ்ட்ரெயின்களும், அவற்றை வளர்க்க உயர் பாதுகாப்பு ஆய்வகமும் வேண்டும். சிறிய ஆய்வகம் எங்கே போகும்?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். சூடோமாலியையையும் நோய் தரும் புருசெல்லா இனங்களையும் வழக்கமான தரவுத்தளத்தில், கூடுதல் உரிமக் கட்டணமின்றி, பழைய பதிப்பு வைத்திருப்போருக்கும் சேர்த்துத் தாருங்கள். அதற்கு நாளாகும் என்றால், தாய்லாண்டென்சிஸ் அல்லது ஓக்ரோபாக்ட்ரம் என்று வரும்போது கட்டத்தை மஞ்சளாக்கி, 'சூடோமாலியை அல்லது புருசெல்லாவாக இருக்கலாம், கேபினெட்டுக்கு மாற்றவும்' என்ற ஒரு வரியையாவது அடுத்த அப்டேட்டிலேயே சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்கள்