வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்பவர்களுக்கு ஒரு பழுதுபார்ப்பவனின் மடல்

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். வால்வு என்னும் கண்ணாடிக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்களைச் சென்னையில் பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். உங்கள் கையேடுகளை அகராதியும் கையுமாகப் படித்தவன். ஒருமுறை நீங்கள் என் மொழியில் படிக்க முயன்று பாருங்கள், சமமாகிவிடும்.

அந்தக் கையேடுகளில் சூட்டைப் பற்றி வருவது பெரும்பாலும் இரண்டே செய்திகள். வால்வு சூடாகத்தான் செய்யும், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மீதியை என் மேசைக்கு வரும் ஆம்ப்கள் சொல்கின்றன.

சென்ற மாதம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒத்திகை அறை ஒன்றில் தினமும் எட்டு மணி நேரம் ஓடிய ஆம்ப். வாங்கி நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. "வாசிக்கும்போது படபடவென்று பொரிகிறது, மேலே ஒரு தட்டுத் தட்டினால் அடங்கிவிடுகிறது" என்றார் கொண்டுவந்தவர். பின்பலகையைக் கழற்றினேன். பச்சையாக இருக்க வேண்டிய சர்க்யூட் போர்டு, ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளின் சாக்கெட்டுகளைச் சுற்றி மட்டும் அடிப்பிடித்த பாலைப் போலப் பழுப்பேறியிருந்தது. ஆம்பை ஓடவிட்டு, ஒரு மூங்கில் குச்சியால் சாக்கெட்டின் ஓரத்தை மெல்ல அழுத்தினேன். ஸ்பீக்கரில் கடுகு வெடித்தது. (படிக்கும் கிட்டார்காரர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.) அணைத்து, மின்னழுத்தத்தை வடித்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால், சாக்கெட்டின் உலோகக் கால் ஒன்றைச் சுற்றி, அதைப் போர்டில் பற்றவைத்த சால்டரில் தலைமுடி அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல். தினமும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கிக் கடைசியில் விட்டுப்போன இணைப்பு. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்ற மின்தேக்கியின் பிளாஸ்டிக் உறை சுருங்கி, தலைப்பக்கம் அலுமினியம் எட்டிப் பார்த்தது.

இதைத் தேய்மானம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இவ்வளவு சூடு வரும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். வால்வின் தரவுத்தாளிலேயே இருக்கிறது.

எல்லோரும் அறிந்த வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்பை எடுத்துக்கொள்வோம். 1950களின் கடைசியில் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி வடிவமைத்தது. அதில் இஎல்84 வால்வுகள் நான்கு. ஒவ்வொன்றின் ஹீட்டரும், அதாவது வால்வைச் சூடேற்றும் இழையும், 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் இழுக்கிறது. நான்குக்கும் சேர்த்து 19 வாட். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயர் வால்வான ஜிஇசட்34-இன் ஹீட்டருக்கு இன்னும் ஒன்பதரை வாட். இஎல்84-இன் பிளேட், அதாவது உள்ளே எலக்ட்ரான்கள் வந்து மோதும் உலோகத் தகடு, தாங்கக்கூடியது 12 வாட். இந்த ஆம்ப் அதை அந்த வரம்பை ஒட்டியே ஓட்டுகிறது. அது 48 வாட். சின்ன வால்வுகளையும் சேர்த்தால், ஒரு சுருதிகூட வாசிக்காமல் சும்மா நிற்கும்போதே 80 வாட்டுக்கு மேல் சூடு. என் மேசையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன்கள் மூன்றை ஒரு மரப்பெட்டிக்குள் நாள் முழுக்கச் செருகி வைத்தது போல. டென்னியின் காலத்து ஆட்கள் பெட்டியின் மேற்பலகையில் காற்றுத் துளைகள் வைத்தார்கள். சூடு மேலேதான் போகும் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது.

சூட்டைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. குறைத்தால் அந்த ஓசை போய்விடும். அதற்காகத்தானே இவ்வளவு பாடு. அந்தச் சூடு எதன்மேல் போய் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். அதைத்தான் கேட்கிறேன்.

உள்ளே மின்பகு திரவம் உள்ள எலக்ட்ரோலிடிக் மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும். இது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. உங்கள் சோதனைக்கூடம் 20 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 60 டிகிரியில் நிற்கும் மின்தேக்கி, சித்திரை மாதத்து மதியம் 40 டிகிரி ஓடும் எங்கள் ஊர் அறையில் 80 டிகிரியைத் தொடும். ஆயுள் நான்கில் ஒரு பங்கு. இதற்குப் பிறகும் 85 டிகிரி வரை தாங்கும் தரத்து மின்தேக்கியைப் பவர் வால்வின் தோளில் சாய்த்து வைக்கிறீர்கள். 105 டிகிரி தரத்தில் ஒன்றைப் போட்டு மூன்று அங்குலம் தள்ளி வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஐந்து வாட் ரெசிஸ்டரைப் போர்டில் ஒட்டப் படுக்க வைக்காமல் காலை நீட்டிக் கொஞ்சம் தூக்கி நிறுத்த எவ்வளவு செலவாகும்?

சர்க்யூட் போர்டே கூடாது என்று சண்டை போடும் ஆளும் நான் இல்லை. கையால் வயர் இழுத்துக் கட்டிய ஆம்ப்களின் விலை எனக்குத் தெரியும். என்னாலேயே வாங்க முடியாது. சாக்கெட்டுகளை மட்டும் உலோகச் சேசிஸில் (ஆம்பின் பாகங்களைத் தாங்கும் உலோகக் கூட்டில்) திருகிவிட்டு, போர்டுக்குக் குட்டி வயர்களால் இணைத்துவிடுங்கள். வால்வை மாற்றும்போது கொடுக்கும் அழுத்தமும் சேசிஸோடு போகும், சூட்டில் ஒரு பங்கும் சேசிஸோடு போகும். வால்வுகளைத் தலைகீழாகத் தொங்கவிடும் வடிவமைப்புகளில் இது இன்னும் அவசியம். அங்கே சூடு நேராக ஏறிப்போய்ச் சேரும் இடமே சேசிஸ்தான்; அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று, இது உங்களில் பலர் கவனிக்காதது. ஆம்பின் பின்னால் 220 வோல்ட் என்று அச்சிட்டு இங்கே அனுப்புகிறீர்கள். இந்தியாவில் 230. என் கடையில் இரவு எட்டு மணிக்கு மேல் மீட்டரை வைத்தால் 240 காட்டும் நாட்கள் உண்டு. அப்போது 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.87 போகிறது, ஹீட்டருக்கு அனுமதித்த பத்து சதவீத வரம்பின் விளிம்பு. பிளேட்டுக்குப் போகும் உயர் மின்னழுத்தமும் அதே அளவில் ஏறுவதால், கேத்தோடு பயாஸ் ஆம்பில் (வால்வின் மின்னோட்டத்தை அதன் கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே நிர்ணயிக்கும் வகையில்) பிளேட்டின் சூடு கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடும். ஏற்கெனவே வரம்பைத் தொட்டு நிற்கும் இஎல்84-க்கு அது எந்தக் கணக்கு? இருட்டில் பார்த்தால் பிளேட் மங்கலாகச் சிவந்து தெரியும். வாடிக்கையாளர் அதை அழகு என்று நினைத்துப் படமெடுத்து எனக்கு அனுப்புவார். ட்ரான்ஸ்ஃபார்மரில் 230-க்கும் 240-க்கும் தனித்தனி இணைப்பு கொடுத்தால் போதும். சிலர் கொடுக்கிறார்கள். அந்த ஆம்ப்கள் என்னிடம் வருவது குறைவு.

மின்விசிறி என்றால் ஏன் முகம் சுளிக்கிறீர்கள் என்பது புரியவில்லை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்னும் பேஸ் கிட்டார் ஆம்ப், 300 வாட், ஆறு பெரிய பவர் வால்வுகள். பின்னால் மின்விசிறியோடுதான் மேடை ஏறியது. யாரும் அதைக் குறைவாகப் பேசவில்லை. இரைச்சல் வரும் என்பீர்கள். கணினிக்கான 120 மில்லிமீட்டர் மின்விசிறியை, 12 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட்டில் ஓட்டிப் பாருங்கள். அறையில் ஆள் மூச்சுவிடுவது அதைவிடப் பெரிதாகக் கேட்கும். வால்வைக் குளிரவைக்க அது வேண்டாம்; பெட்டிக்குள் தேங்கி நிற்கும் காற்றைக் கொஞ்சம் நகர்த்தினாலே போர்டும் மின்தேக்கிகளும் பிழைத்துக்கொள்ளும். நானே பலருக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன், தனி அடாப்டர் வைத்து. அதைப் பார்த்துவிட்டு உத்தரவாதம் செல்லாது என்று கடிதம் போட்டீர்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

கிட்டார்காரர்கள் யோக்கியம் என்று சொல்லவில்லை. சுவரோடு ஒட்டி வைப்பவர்களும், கச்சேரி முடிந்த கையோடு கொதிக்கும் ஆம்புக்குப் போர்வை போர்த்துபவர்களும் நிறைய. அவர்களைத் திட்ட எனக்கு வேறு நேரம் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது, அடுத்த கையேட்டில் ஒரே ஒரு எண். அறை வெப்பம் 40 டிகிரி, மின்சாரம் 240 வோல்ட், இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு, பவர் வால்வுக்கு மிக அருகில் இருக்கும் மின்தேக்கியின் மேல் எத்தனை டிகிரி? அளந்து அச்சிடுங்கள். அளப்பதற்கு ஆள் இல்லையென்றால் ஆம்பை இங்கே அனுப்புங்கள். மே மாதம் அனுப்பினால் அறையைத் தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பழுதுபார்ப்பவன்