ஹனோய் போகப்போகும் சித்திக்கு

அன்புள்ள சித்தி,

போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போது ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அறுபது வயதில் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற பங்க் கட்டிலில் படுப்பதா, அதெல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்குத்தானே என்றீர்கள். இல்லை சித்தி. வியட்நாம் தலைநகர் ஹனோயின் பழைய நகரத்தில் தங்குவதற்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் நம் வீட்டில் கிடையாது, ஏனென்றால் நாலரை மணிக்கு எழுந்துவிடுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அந்தப் பகுதி ஐந்து மணிக்கெல்லாம் விழித்துவிடும். ஹோவான் கியெம் ஏரிக்கரையில் உங்கள் வயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள், ஸ்பீக்கரில் பாட்டு வைத்து ஆடுகிறவர்கள், விசிறியைப் பிடித்து மெதுவாகக் கை சுழற்றுகிறவர்கள், சும்மா கைவீசி நடக்கிறவர்கள் என்று. பக்கத்தில் போய் நின்று நீங்களும் கையைத் தூக்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் கூடையைத் தொங்கவிட்டுப் பெண்கள் வியாபாரத்துக்கு வருவதும், சைக்கிள் முழுக்கப் பூவைக் கட்டிக்கொண்டு தள்ளி வருவதும் அந்த நேரத்தில்தான். எட்டு மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் இறங்கிவிடும், நடைபாதையைக்கூட நிறுத்தி வைத்த வண்டிகள் அடைத்துக்கொள்ளும். ஊருக்கு வெளியே நல்ல ஹோட்டலில் தங்கிக்கொண்டு டாக்ஸி பிடித்து வருகிறவர்களுக்கு இந்த மூன்று மணி நேரம் கிடைப்பதே இல்லை. அதற்காகத்தான் அங்கேயே படுக்கச் சொல்கிறேன்.

சரி, எந்த ஹாஸ்டல்? அதற்குப் பழைய நகரத்து வீடுகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முகப்பு இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும், சில வீடுகள் ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளம். தெருப்பக்கம் கடை, பின்னால் குடும்பம், நடுவில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறந்த முற்றம். குழாய் வீடு என்பார்கள். மா மாய் தெருவில் 87-ஆம் எண் வீட்டைப் பழையபடி சீர்செய்து பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள், முதல் நாளே அதைப் பார்த்துவிடுங்கள். இதே ஒடுக்கமான மனைகளில்தான் ஹாஸ்டல்களும் ஐந்தாறு மாடி எழுப்பி நிற்கின்றன, ஆனால் பல இடங்களில் அந்த முற்றத்தை மூடிவிட்டார்கள். அதனால் முன்பக்க அறையில் தெருச் சத்தம், நடு அறையில் ஜன்னலே கிடையாது, பின்பக்க அறையில் சத்தம் குறைவு, வெளிச்சமும் குறைவு. படிகள் செங்குத்து, லிஃப்ட் இல்லாத இடங்கள் நிறைய.

நான் ஒருமுறை தங்கிய இடத்தில், இணையத்தில் போட்டிருந்த படத்தில் அழகான ஜன்னல் இருந்தது. போய்த் திரையை விலக்கினால் கையெட்டும் தூரத்தில் நடைவழிச் சுவர், அதில் ஒரு டியூப்லைட். கட்டிய காசையும் தர மறுத்துவிட்டார்கள். ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்: ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது, மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி உண்டா என்று. இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் அதே ஊரின் இன்னொரு பகுதியில், சந்துக்குள் இருந்த ஒரு அடுக்குமாடியில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். டார்மில், அதாவது பலர் சேர்ந்து படுக்கும் அறையில், ஒரு படுக்கைக்குப் பெரும்பாலும் ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள் ஆகும், இந்த இரண்டும் ஒழுங்காக இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

பெண்கள் மட்டும் தங்கும் டார்ம் கேளுங்கள், கீழ்க்கட்டில் வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள், உங்கள் முழங்காலுக்கு அந்த இரும்பு ஏணி ஆகாது. கட்டிலுக்குத் திரை, தலைமாட்டில் சின்ன விளக்கு, சாமானுக்கு லாக்கர் இருக்கும், பூட்டு மட்டும் நம்முடையதாகக் கொண்டுபோவது நல்லது. தா ஹியென் தெருவுக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், அது பீர் தெரு, நள்ளிரவு வரை குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஒன்று, மற்ற கட்டில்களில் படுத்திருப்பது ஒரு மணிக்கு வந்து தூங்கிய பிள்ளைகளாக இருக்கும். காலையில் கட்ட வேண்டிய துணி, பல் துலக்கும் பிரஷ், செருப்பு எல்லாவற்றையும் ராத்திரியே ஒரு துணிப்பையில் எடுத்து வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், இருட்டில் அது சரசரக்கிற சத்தத்துக்கு எட்டுக் கட்டிலும் எழுந்துவிடும். ரிசப்ஷனில் பாஸ்போர்ட் கேட்பார்கள். தங்குகிறவர்கள் விவரத்தைப் போலீஸுக்குப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம், பதிந்ததும் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் உங்களுக்குப் பெரிய கவலை என்று தெரியும். காய்கறி என்று சொல்லித் தருவதிலும் மீன் சாறு விட்டிருப்பார்கள், அங்கே அது உப்பு மாதிரி. 'சாய்' (chay) என்று பலகை போட்ட கடைகள் சுத்த சைவம், நூடுல்ஸ் சூப், டோஃபு, காளான் எல்லாம் நன்றாகவே இருக்கும். அவர்களுடைய சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும், பலர் சைவம் சாப்பிடுவார்கள், அந்த நாட்களில் உங்களுக்குக் கஷ்டமே இருக்காது. முட்டை சாப்பிடுவீர்கள் என்பதால் முட்டைக் காபியை விட்டுவிடாதீர்கள். பால் தட்டுப்பாடான 1940-களில் பாலுக்குப் பதில் மஞ்சள் கருவை அடித்து ஊற்றி உருவானது அது, 1946-இல் தொடங்கிய காஃபே ஜாங் இன்னும் நடக்கிறது.

தெருக்களை நீங்களே நடந்து கண்டுபிடியுங்கள், ஆனால் லான் ஓங் தெருவுக்குக் கட்டாயம் போங்கள். அது மூலிகைக் கடைத் தெரு. மூட்டை மூட்டையாகக் காய்ந்த வேரும் பட்டையும் வாசலில் பரப்பி வைத்திருப்பார்கள், நம்மூர் நாட்டு மருந்துக் கடை வாசனை தெரு முழுக்க வரும். ஹாங் தியெக் தெருவில் தகரம் தட்டுவார்கள், ஹாங் மா தெருவில் முன்னோருக்கு எரிக்கும் காகிதச் சாமான்கள் விற்பார்கள். ஹாங் லுவாக் தெருவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள் கட்டியது.

ரோடு கடக்கும்போது ஓடவும் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது, ஒரே வேகத்தில் மெதுவாக நடங்கள், வண்டிகள் உங்களை விலக்கிக்கொண்டு போகும். அங்கே பணம் டாங், 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் இரண்டுமே நீலம், வெளிச்சத்தில் பார்த்து எண்ணிக் கொடுங்கள்.

அக்டோபர், நவம்பரில் போங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தூறிக்கொண்டே இருக்கும், தரையும் சுவரும் வியர்க்கும், துவைத்த துணி காயாது. இ-விசாவை அரசாங்க இணையதளத்தில் மட்டும் எடுங்கள், ஒரு முறை நுழைய 25 டாலர். தேதி முடிவானதும் எனக்கு அனுப்புங்கள், ஹாஸ்டல்காரர்களுக்கு எழுத வேண்டிய கேள்விகளை நானே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். சித்தப்பாவிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்