கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய கட்டுமானங்களில் எவை ஐயாயிரம் ஆண்டு தாங்கும் என்ற கட்டுரையில் துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரத்துக்கு முதலிடம் கொடுத்திருந்தீர்கள். 828 மீட்டர் உயரம் பிரமிக்க வைப்பதுதான். ஆனாலும், கட்டுமானத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இதை ஏற்க மனம் வரவில்லை.

அந்தக் கோபுரத்தைத் தாங்குவது பெரும்பாலும் கம்பி கட்டிய கான்கிரீட். அத்தகைய கான்கிரீட்டின் ஆயுள், கம்பியின் ஆயுள்தான். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். உப்புக்காற்றும் சேர்ந்தால் அழிவு விரைவுபடும். துருவான இரும்பு முன்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தனக்குக் கவசமாக இருந்த கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். நூறாண்டுகூட ஆகாத பாலங்களில் காரை பெயர்ந்து, சிவந்த கம்பி எட்டிப் பார்ப்பதை யார்தான் பார்த்ததில்லை? ரோமின் பாந்தியன் என்ற பழங்கால ஆலயத்திலோ, 43 மீட்டர் அகலமுள்ள குவிமாடம் கம்பியே இல்லாமல் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது.

என்னைக் கேட்டால், முதலிடம் அமெரிக்காவில் 1930களில் கட்டிய ஹூவர் அணைக்குத்தான். அடிப்பகுதியின் தடிமன் மட்டும் சுமார் 200 மீட்டர். கம்பியை நம்பாமல், தன் எடையாலும் வளைவாலும் நீரைத் தாங்கும் அணை அது. நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்து, ஆறு அதன் மேலேயே வழிந்து ஓடினாலும், அந்தப் பெரும் பிண்டம் கரைய நெடுங்காலம் ஆகும். அதே நாட்டில் ரஷ்மோர் மலையில் செதுக்கிய அதிபர்களின் முகங்களும் நிலைக்கும். அந்தக் கருங்கல் 10,000 ஆண்டுக்கு ஓர் அங்குல அளவே தேயும் என்று கணித்திருக்கிறார்கள்.

பின்லாந்தின் ஓங்கலோ பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். அணுக்கழிவைப் புதைக்கப் பாறைக்குள் 400 மீட்டருக்கும் கீழே குடைந்த சுரங்கம் அது. ஒரு லட்சம் ஆண்டு பாதுகாப்பை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்திருக்கிறார்கள். கழிவை அடைக்கும் கலங்களின் வெளிக்கூட்டுக்கு இரும்பைத் தவிர்த்து, அரிப்பைத் தாங்கும் செம்பைத் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள்.

நம் எழுத்தைப் படிக்கத் தெரியாத வருங்கால மனிதர்களுக்கு, ‘இங்கே தோண்டாதீர்கள்’ என்று எப்படிச் சொல்லிவைப்பது? இதைப் பற்றி வல்லுநர்கள் பல ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். அதை விளக்கி ஒரு தனிக் கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவர்