குங்குமப்பூ வந்து சேர்ந்தது

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய குங்குமப்பூ வந்து சேர்ந்தது. அக்கா அந்தச் சின்ன டப்பாவைத் திறந்து திறந்து முகர்கிறாள். பாலில் போட மனம் வரவில்லையாம். அதை வாங்க, காஷ்மீரில் இருந்துகொண்டு, பாம்போர் கடைவீதிக்குத் தனியாகப் போனாய் என்றுதான் அன்று போனில் கத்தினேன். அதன் பிறகு நீ பேசவில்லை, இன்றோடு 12 நாள் ஆகிறது. சிக்னல் கிடைத்திருக்காது என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கத்தியது தப்பா, நீயே சொல். 2018 ஜூனில் ரம்ஜானுக்கு ஊருக்குக் கிளம்பிய ரைபிள்மேன் அவுரங்கசீப்பை புல்வாமாவில் தீவிரவாதிகள் வண்டியை மறித்துக் கொண்டுபோனார்கள். முந்தைய வருடம் ஷோபியானில், கல்யாணத்துக்கு வந்திருந்த 22 வயது லெப்டினென்ட். இருவரும் விடுப்பில் இருந்தவர்கள். கையில் ஆயுதம் கிடையாது. முகாமுக்குள் வந்தா தூக்குகிறார்கள்? தனியாகச் சிக்குகிறவனைத்தான். கசம் பரேட்டில், சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று, நீ நிமிர்ந்து நின்றதை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவ்வளவு கற்றவனுக்கு இது தெரியாதா? தனியாகப் போகாதே.

“அவர்கள் எல்லாம் அந்த மண்ணின் பிள்ளைகள், வீடு தெரியும், வழி தெரியும், அதனால் பிடித்தார்கள். நம் பிள்ளைக்கு ஒன்றும் வராது” என்று உன் அம்மாவைத் தேற்றினேன். சொன்ன வாய் கூசியது. 2020 ஆகஸ்டில், பக்ரீத் சமயம் ஷோபியானில் கடத்தப்பட்ட டெரிட்டோரியல் ஆர்மி பையனின் தகப்பன், மகனுடைய துணி கிடைத்த இடத்தைச் சுற்றி மண்வெட்டியோடு ஒரு வருடத்துக்கு மேல் தோண்டிக்கொண்டிருந்தார். உடல் கிடைத்தது 2021 செப்டம்பரில். எனக்கு இரவெல்லாம் அந்த மண்வெட்டிச் சத்தம்தான்.

கடைக்குப் போவதானால் இருவராகப் போ. சொல்லிவிட்டுப் போ.

உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? 1996, ஸ்ரீநகர். ஆண் குழந்தை என்று தந்தி வந்தது. காவல் பொறுப்பிலிருந்த கார்டு கமாண்டரிடம் சொல்லாமல் எஸ்.டி.டி. பூத்துக்குக் கிளம்பினேன். சட்டையை மாற்றினேன், பூட்ஸை மாற்றத் தோன்றவில்லை. வரிசையில் நின்ற பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸையே பார்த்தான். பிறகு மெல்ல வெளியே நழுவினான். நம்பரைச் சுழற்றாமலே திரும்பி ஓடினேன்.

வேண்டாம் என்று தடுத்தும் நான் கேட்காததால் துணைக்கு வந்தவர் செல்வம் மாமா. விசாரித்தபோது, அவர்தான் கூப்பிட்டார் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. அவருக்கு 14 நாள் குவார்ட்டர் கார்டில் காவல் தண்டனை. உன்னை ‘என் பதினாலு நாளே’ என்று அவர் கொஞ்சுவது அதனால்தான். ஏன் என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன்.

போன் செய் தம்பி. நான் எடுத்தால் அம்மாவிடம் கொடுக்கச் சொல், கொடுத்துவிடுகிறேன்.

அப்பா