மூத்தோர் பயணம் என்றால் கோயில் மட்டும்தானா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அறுபதைக் கடந்தவர்கள் வெளியூருக்குக் கிளம்பினால் காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோதான் போவார்கள் என்று வீட்டாரும் சுற்றுலா நடத்துவோரும் சேர்ந்தே முடிவுகட்டிவிடுகிறார்கள். எழுபதை நெருங்கும் நான் கும்பகோணத்தில் ரயிலேறுவது பெரும்பாலும் சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குத்தான். 1999 ஜனவரியில், டெண்டுல்கர் 136 ரன் எடுத்தும் இந்தியா 12 ரன்னில் தோற்ற டெஸ்டின் இறுதி நாளில், மைதானத்தைச் சுற்றிவந்த பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று கையில் ஏறிய சிலிர்ப்பு, வீட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும்போது ஏனோ வருவதில்லை.

என் வயதுக்காரர்களிடமும் குறை உண்டு. “பேரன் ஆடினால் பார்க்கலாம், நமக்கெதற்கு இந்த அலைச்சல்” என்பார்கள். பெண்களோ அதைக்கூடச் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்கு அழைத்தபோது, “சும்மா உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க இவ்வளவு தூரமா?” என்று கேட்டவர்தான் என் மனைவி. போனபின், கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் பார்க்க வேண்டுமென்று இரண்டு நாள் கூடுதலாகத் தங்கவைத்ததும் அவர்தான். விளையாட்டுச் சுற்றுலாவால் ஓர் ஊருக்குக் கிடைக்கும் வருமானம் இப்படித்தான் வருகிறது. அவசரமாகத் திரும்ப வேண்டிய கட்டாயமில்லாத ஓய்வூதியர்களைவிட அதற்கு ஏற்றவர்கள் யார்?

பார்ப்பதோடு நிற்காமல் ஓடவும் செய்கிறார்கள். அதே ஆண்டில் பின்லாந்தின் டம்பரே நகரில் நடந்த உலக மூத்தோர் தடகளப் போட்டியில், 94 வயதான பகவானி தேவி 100 மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார்.

ஆனால் ஆர்வமுள்ளவர்களுக்கும் வழி சுலபமாக இல்லை. ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதமும், பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதமும் இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பெரிய போட்டிகளின் டிக்கெட்டுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோகின்றன. கைப்பேசியில் வரும் கடவு எண்ணைக் கண்ணாடி போட்டுத் தேடுவதற்குள் எங்கள் முறை போய்விடுகிறது. கிடைத்தாலும் இருக்கை மேல் அடுக்கில் அமைந்தால், கைப்பிடியில்லாத படிகளில் முட்டிவலியோடு ஏற வேண்டும்.

ரயில்வே அந்தச் சலுகையை மீண்டும் தர வேண்டும். போட்டி நடத்துவோர், மூத்த குடிமக்களுக்கென்று கீழ்வரிசையில் சிறு பகுதி இருக்கைகளை ஒதுக்கி, அடையாள அட்டையைக் காட்டி நேரில் வாங்கிக்கொள்ள ஒரு கவுன்டராவது திறக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.