காரணத்தை எழுத்தில் சொல்லட்டும்

ஆசிரியருக்கு,

நீதிபதிகள் நியமனத் தாமதம் குறித்த உங்கள் தலையங்கம் படித்தேன். 1976-ல், நெருக்கடி நிலையின்போது, சிறைவைக்கப்பட்டவர் விடுதலை கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொல்ல, ஐந்தாவது நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். எவ்வளவு பெரிய துணிச்சல்! 1977-ல் அவரைத் தாண்டி, பணியில் இளையவரான எம்.எச். பெக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். 1993 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கொலீஜியம், அதாவது நீதிபதி பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு, பிறந்ததற்கு இந்தப் பழைய காயமும் ஒரு காரணம்.

கடலூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நில இழப்பீடு கேட்டு வரும் விவசாயிகள், "அரசாங்கத்தை எதிர்த்து ஜட்ஜ் தீர்ப்பு சொல்வாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சரி, அந்தச் சந்தேகம் நியாயமானதே. கொலீஜியம் பரிந்துரைத்த பெயரை அரசு நிறுத்திவைத்தால், காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் வெளியிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவரலாம்.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்